அவர் விட்டுப்போன நாயும் நான் நிறுத்திய மாத்திரையும்

கோத்தகிரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். வயது 53. ஊரும் பெயரும் வெளியே தெரிய வேண்டாம் என்கிறார். "நாய் பேரைக்கூடப் போடாதீங்க, இங்க எல்லாருக்கும் அவனைத் தெரியும்" என்றும் கேட்டிருக்கிறார். அதனால் நாயை இங்கே மணி என்று வைத்துக்கொள்கிறேன்.

அவர் கடிதத்தின் சுருக்கம் இது. ஒரு ஏக்கர் தேயிலை, ஓட்டு வீடு, கோவையில் வேலை பார்க்கும் ஒரே மகன். இரண்டு வருடத்துக்கு முன் கணவர் மாரடைப்பில் இறந்துவிட்டார். அதன் பிறகு தினமும் அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு, வாயில் ருசி இல்லை, கொழுந்து பறிக்கப் போனால் கை நகராமல் செடிக்கு நடுவிலேயே நின்றுவிடுவது, ஒன்பது கிலோ எடை குறைந்தது என்று ஒரு வருடத்துக்கும் மேல் ஓடியிருக்கிறது. "துக்கம்தானே, போகப்போகச் சரியாயிடும்" என்று எல்லோரும் சொன்னார்கள். கடைசியில் மகன் கோவையில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். மனச்சோர்வு நோய் என்று சொல்லி எஸ்சிட்டலோபிராம் மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து மாதம் சாப்பிட்டார், தேறினார்.

மணி கணவருடைய நாய். "அவரு இருக்கறப்போ நான் அதைத் திட்டிக்கிட்டேதான் இருப்பேன். சேத்துக் காலோட திண்ணையில ஏறும்" என்று எழுதுகிறார். கணவர் போன பிறகு பல வாரம் அது வாசல் கேட்டிலேயே படுத்துக் கிடந்திருக்கிறது. அப்புறம் ஒருநாள் இவருடைய அறைக் கதவைப் பிராண்ட ஆரம்பித்தது. கணவர் தினமும் நடக்கும் வழியிலேயே இவரை இழுத்துக்கொண்டு போனது. தேயிலைக்கு நடுவே மண் பாதை, வளைவில் ஒரு சில்வர் ஓக் மரம், அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்து எதிர் மலையைப் பார்ப்பது, திரும்புவது. இப்போது அந்த நடைதான் இவருக்கு உயிர்.

ஐந்து வாரத்துக்கு முன் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்திவிட்டார். "எனக்கு மணி போதும்" என்கிறார். மகனோ, "கோவைக்கு வந்துடுங்க, தோட்டத்தை வித்துடலாம், அபார்ட்மென்ட்ல நாய் விடமாட்டாங்க, அதை எங்கயாவது எஸ்டேட் பக்கம் விட்டுடலாம்" என்கிறார். காலை ஐந்தரைக்கு இருட்டில் நாயோடு போவதைப் பற்றி இருவருக்கும் தினமும் போனில் சண்டை. மாத்திரையை நிறுத்தியது தவறா, மகன் சொல்கிறபடி போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் கேள்வி அடையாளம் இல்லாமல் ஒரு வரி: "அவனுக்கு ஒன்பது வயசாகுது. அவன் போனா நானும் போய்ச் சேந்துடுவேன்."

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்தக் கடைசி வரி

நீங்கள் அதைப் பேச்சோடு பேச்சாக எழுதியிருக்கலாம். நம் ஊரில் நிறையப் பேர் அப்படிச் சொல்வதுண்டு. ஆனாலும் ஒரு மருத்துவனாக என்னால் அந்த வரியைத் தாண்டிப் போக முடியாது. நேராகவே கேட்கிறேன்: உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் உங்களுக்கு உண்மையாகவே வருகிறதா? இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனத்துக்குள் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு யாராவது கேட்டால்தான் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

பதில் "ஆமாம்" என்றால், இந்தப் பதிலை முழுக்கப் படித்துவிட்டுப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். இன்றைக்கே மகனிடமோ பக்கத்து வீட்டிலோ வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது டெலி மானஸ். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். வீட்டில் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து இருந்தால் அதை வேறு யார் வீட்டிலாவது பூட்டி வைக்கச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். மிச்சமுள்ள மாத்திரைகளையும் அப்படியே செய்யுங்கள். மோசமான அந்த அரை மணி நேரம் கடந்து போகிறவரை கைக்கெட்டும் தூரத்தில் அவை இல்லாமல் இருப்பதே பலரைக் காப்பாற்றியிருக்கிறது. போலீஸ், கேஸ் என்ற பயத்தில் சிலர் மறைக்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. அவருக்கு உதவ வேண்டியது அரசின் கடமை என்றும் சொல்கிறது.

பதில் "இல்லை, அவன் இல்லாமல் வீடு எப்படி இருக்கும் என்று நினைத்தால் நெஞ்சை அடைக்கிறது, அவ்வளவுதான்" என்றால், சரி. அதைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. பிறகு வருகிறேன்.

மணி செய்த வேலை

"நாய் என்னைக் குணப்படுத்திச்சுன்னு சொன்னா டாக்டருங்க சிரிப்பீங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சிரிக்க மாட்டேன். இந்த மலையில் இத்தனை வருடம் வேலை பார்த்த பிறகு, புதிதாக வருகிறவர்களிடம் "வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்கும்போது மாடு, நாய், கோழி எல்லாவற்றையும் சேர்த்தே சொல்லச் சொல்கிறேன். ஆரம்பத்தில் கேட்டதில்லை. மூன்று மாதம் படுக்கையை விட்டு எழாத ஒருவர் மாட்டுக்குப் புல் வெட்ட மட்டும் எழுந்திருந்தார் என்று அவர் மனைவி ஒருநாள் தற்செயலாகச் சொன்னார். அன்றிலிருந்து கேட்கிறேன்.

மனச்சோர்வில் மனம் ஒரு பொய் சொல்லும். "உடம்பில் தெம்பு வரட்டும், மனசு சரியாகட்டும், அப்புறம் எழுந்து நடக்கலாம்" என்று சொல்லும். தெம்பு வராது. நடக்காததால் இன்னும் சோர்வு, சோர்வினால் இன்னும் படுக்கை. இந்தச் சுற்றை உடைக்க ஒரு சிகிச்சை முறை இருக்கிறது. பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்று பெயர். மனத்துக்காகக் காத்திருக்காமல் முதலில் காலை எடுத்து வைப்பது, மனம் மெதுவாகப் பின்னால் வந்து சேரும் என்பதுதான் அதன் அடிப்படை. மனச்சோர்வுக்கு நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட முறை அது. நாங்கள் ஒரு நோட்டில் கட்டம் போட்டு, எத்தனை மணிக்கு எழுவது, எங்கே போவது என்று எழுதிக் கொடுப்போம். உங்களுக்கு மணி கதவைப் பிராண்டினான். நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம், பிராண்டுகிறவனை அப்படி மூடி வைக்க முடியாது.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம், மழை நாளில் அவன் நனைந்து வந்து அடுப்புக்கு முன்னால் படுக்கும்போது அவன் முதுகிலிருந்து ஆவி கிளம்புவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன் என்று எழுதியது. "ஒரு மணி நேரம் எதையும் நினைக்கல" என்கிறீர்கள். நினைத்ததையே திரும்பத் திரும்ப நினைத்துச் செக்குமாடு மாதிரி சுற்றுவதுதான் இந்த நோயின் பெரிய துன்பம். அதற்கு ஒரு மணி நேரம் விடுமுறை கிடைப்பது சின்ன விஷயமில்லை. நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு கூடுகிறது என்று 2015இல் ஜப்பான் ஆய்வாளர்கள் காட்டினார்கள். தாய்க்கும் குழந்தைக்கும் நடுவே பாசப் பிணைப்பில் வேலை செய்கிற அதே சுரப்பு. இயற்கையைப் பற்றியும் ஆய்வு உண்டு. இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரை வைத்து 2019இல் வெளியானது அது. வாரத்தில் 120 நிமிடமாவது மரம், புல்வெளி, கடற்கரை என்று வெளியிடங்களில் இருப்பவர்கள், தங்கள் உடம்பும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொல்வது அதிகம் என்று கண்டார்கள். உங்கள் சில்வர் ஓக் வளைவு நடை அந்தக் கணக்கை மூன்று நான்கு நாளிலேயே எட்டிவிடும்.

ஆனால் இவற்றையெல்லாம் நோய்க்கு மருந்து என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நன்றாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்ற கேள்வி அந்த மாதிரி ஆய்வுகளில் எப்போதும் இருக்கும். நாய் வளர்ப்பதால் மனச்சோர்வு குறைகிறதா என்று பார்த்த ஆய்வுகளோ ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

இன்னொன்று. உங்கள் உறவினர்கள், "ஊரே காசு குடுத்து வந்து பாத்துட்டுப் போற இடத்துல இருந்துகிட்டு உனக்கென்ன சோகம்?" என்று கேட்பதாகவும், அதைக் கேட்டு உங்களுக்கே வெட்கமாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பேச்சு பழையது. 1819இல் ஜான் சல்லிவன் கோத்தகிரி கன்னேரிமுக்கில் வீடு கட்டிய காலத்திலிருந்தே மலைக்காற்று சகல நோயும் தீர்க்கும் என்று கீழே இருப்பவர்கள் நம்பி வந்திருக்கிறார்கள். உடம்பு தேற வெள்ளைக்காரர்கள் மேலே வந்தார்கள், போனார்கள். அது வந்து போகிறவர்களின் மலை. இங்கேயே இருப்பவர்களுக்கு மழைக்காலத்தில் நாள் கணக்காக மேகம் இறங்கி, எதிர் வீடு தெரியாமல், துணி காயாமல், இலை விலை என்னவாகுமோ என்று உட்கார்ந்திருப்பதும் இதே மலைதான். நான் சமவெளியிலிருந்து வந்தவன். என் முதல் மழைக்காலத்தில், வெயில் பட்ட ஒரு சுவரைப் பார்க்க மாட்டோமா என்று ஏங்கியிருக்கிறேன். நோய்க்கு ஊரின் அழகு ஒரு தடுப்பூசி அல்ல. நீங்கள் வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை.

மாத்திரையா, மணியா?

"மாத்திரை வேலை செஞ்சுதா, மணி வேலை செஞ்சானான்னு தெரியல. எனக்கு மணிதான்னு தோணுது" என்கிறீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மூன்றாம் பக்கத்தில், "அவரு போன மூணாவது மாசத்துல இருந்தே கதவைப் பிராண்டுவான். நான் போர்வையை இழுத்துப் போத்திக்குவேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாம் பக்கத்தில், மகன் கோவையிலிருந்து இரண்டாவது முறை மாத்திரை வாங்கி வந்த வாரம்தான் முதன்முதலில் எழுந்து கதவைத் திறந்ததாக இருக்கிறது.

அப்படியென்றால் மணி ஒரு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். உங்களால் எழ முடியவில்லை. இந்த வகை மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்க இரண்டு வாரம் ஆகும், நல்ல பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம். நீங்கள் கதவைத் திறந்த நேரம் அதோடு பொருந்துகிறது. மாத்திரை உங்களைக் கட்டிலில் எழுப்பி உட்கார வைத்தது என்று நினைக்கிறேன். அங்கிருந்து வளைவு வரைக்கும் கூட்டிப்போனது மணி. மாத்திரை மட்டும் இருந்திருந்தால் தூக்கம் வந்திருக்கும், அந்த எதிர் மலை கிடைத்திருக்காது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி உங்களிடம் யாரும் கேட்கவில்லை. நீங்களாகத்தான் கேட்டுக்கொண்டீர்கள்.

இப்போது நிறுத்திய பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். முதல் வாரம் தலைசுற்றல், குமட்டல், "தலைக்குள்ள கரண்ட் அடிச்ச மாதிரி", காரணமில்லாத எரிச்சல். "பாத்தீங்களா, அடிமையாக்கிடுச்சு" என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். இது அடிமைத்தனம் கிடையாது. போதைப் பொருள் போல இன்னும் இன்னும் வேண்டும் என்ற ஏக்கம் இந்த மாத்திரையில் வராது. பல மாதம் பழகிய மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் மூளை தடுமாறும், அதன் அறிகுறிகள்தான் அவை. வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினால் இவை பெரும்பாலும் வராது, வந்தாலும் பலருக்கு லேசாகப் போய்விடும். இதை உங்களுக்கு யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது எங்கள் தரப்புத் தவறு.

எனக்குக் கவலை தருவது வேறு. கடந்த பத்து நாளாக மறுபடியும் மூன்று மணிக்கு விழிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அது நிறுத்தியதால் வந்த தடுமாற்றமாக இருப்பதைவிட நோய் திரும்பி எட்டிப் பார்ப்பதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முதல் முறை மனச்சோர்வு வந்தவர்களுக்கு, நன்றாகத் தேறிய பிறகும் குறைந்தது ஆறிலிருந்து ஒன்பது மாதம் மாத்திரையைத் தொடரச் சொல்வோம். நீங்கள் தேறிய இரண்டு மூன்று மாதத்தில் விட்டுவிட்டீர்கள். நன்றாக இருக்கிறது என்று தோன்றும்போது நிறுத்துவது மனித இயல்பு, தினமும் பார்க்கிறேன்.

அலமாரியில் மிச்சமிருப்பதை நீங்களாக எடுத்துப் போட ஆரம்பிக்க வேண்டாம். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். கோவை தூரம் என்றால் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம், உங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவர் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் குறித்த நாட்களில் வருவது வழக்கம். கோத்தகிரி அரசு மருத்துவமனையில் எந்தக் கிழமை என்று கேளுங்கள். போகும்போது தைராய்டு, ரத்தச்சோகை, சர்க்கரை, வைட்டமின் பி12 பரிசோதனை செய்ததுண்டா என்றும் கேளுங்கள். உங்கள் வயதில் இவையும் சோர்வைக் கூட்டும், சில சமயம் மனச்சோர்வு போலவே வேஷம் போடும்.

ஐந்தரை மணி

இதில் நான் உங்கள் மகன் பக்கம். உங்களைக் கட்டுப்படுத்த அவர் சண்டை போடவில்லை. அப்பாவை ஒருநாள் காலையில் திடீரென்று இழந்தவர், அம்மாவைப் பற்றி இன்னொரு காலைப் போன் வந்துவிடுமோ என்று பயப்படுகிறார்.

கோத்தகிரியில் கோயில் விளக்கில் இருக்கும் எண்ணெயைக் குடிக்கக் கரடி வருகிற கதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருட்டு பிரியாத நேரத்தில் தேயிலைக்குள் காட்டெருமை படுத்திருந்தால் பத்தடி நெருங்கும் வரை தெரியாது. சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை. நாய் கூட இருந்தால் காவல் என்று நினைக்கிறீர்கள். கரடியைப் பார்த்துக் குரைக்கும் நாய், அது துரத்தினால் எங்கே ஓடி வரும்? உங்களிடம்தான்.

அதனால் நடையை ஏழரை மணிக்கு மேல் தள்ளுங்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட வேண்டும், அது உடம்பின் தூக்கக் கடிகாரத்தைச் சரிசெய்யும். மூன்று மணிக்கு விழிப்பவருக்கு இருட்டில் நடப்பதைவிட அதுவே நல்லது. ஐந்தரைக்குப் பிராண்டினால் கதவைத் திறந்து முற்றத்தில் விளக்கைப் போட்டு விடுங்கள், ஒன்றிரண்டு வாரத்தில் பழகிவிடுவான். மணி இதுவரை கயிறே பார்த்ததில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். இனிமேல் ஒரு கயிறு வேண்டும். மேகம் இறங்கிய நாளில் வீட்டைச் சுற்றி நடந்தால் போதும்.

லாங்வுட் சோலைக்கும் அவனைக் கூட்டிப் போக ஆசை என்கிறீர்கள். அது மட்டும் வேண்டாம். கீழேயுள்ள ஊர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் காடு அது, 2024இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்திருக்கிறது. நாயிடமிருந்து சில நோய்கள் காட்டு விலங்குகளுக்குத் தொற்றும், நாயைக் கண்டாலே பறவைகள் கலைந்துவிடும். வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு நீங்கள் மட்டும் யாருடனாவது போய் வாருங்கள். அங்கே அரை மணி பேசாமல் நின்றால் சிரிப்பான் குருவிகள் தாமாகவே கிட்டே வரும்.

வெறிநோய்த் தடுப்பூசி வருடம் தவறாமல் மணிக்குப் போட வேண்டும். பக்கத்துக் குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியதே நாய்க்கடிக்கு வைத்தியம் பார்க்கத்தான். வீட்டு நாய்தானே என்று கடியையோ கீறலையோ விட்டுவிடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கோவைக்குப் போவதா?

இப்போது முடிவு செய்யாதீர்கள். தோட்டத்தை விற்பதும் அப்படித்தான். மனச்சோர்வு பாதி தேறிய நிலையில் எடுக்கும் பெரிய முடிவுகளை, நன்றாகத் தேறிய பிறகு திரும்பிப் பார்த்து வருந்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தொடர்ந்து ஆறு மாதம் நன்றாகத் தூங்கி, சாப்பிட்டு, கொழுந்து பறித்த பிறகு மகனோடு உட்கார்ந்து பேசுங்கள். சிகிச்சையிலும் சரி, எங்கே வாழ்வது என்பதிலும் சரி, தெளிவாக யோசிக்கிற நிலையில் இருக்கும் உங்களுடைய முடிவுதான் முடிவு. நோய் வந்தது என்பதற்காக அந்த உரிமை மகன் கைக்குப் போய்விடாது.

மகனிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, வளர்த்த நாயை எஸ்டேட் பக்கம் கொண்டுபோய் விடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் போராடியதால் வந்த சட்டம் அது. ஒன்பது வயது வீட்டு நாய் இந்தக் காட்டில் ஒரு வாரம் தாக்குப்பிடிக்காது என்பது அதைவிடப் பெரிய காரணம். இரண்டு, அபார்ட்மென்ட் சங்கம் ஓட்டெடுத்து நாய்க்குத் தடை போட முடியாது என்று விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. சொந்த வீடு என்றால் பேசிப் பார்க்கலாம். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் சம்மதம் தேவைப்படும். ஆனால் மணியின் கோணத்திலும் யோசியுங்கள். மூன்றாவது மாடியில், கோவை வெயிலில், பிராண்டிக் கூட்டிப்போக ஒரு வளைவு இல்லாத இடத்தில் அவனும் நீங்களும் எப்படி இருப்பீர்கள்? ஒரு பத்து நாள் இருவருமாகப் போய்த் தங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள், தெரிந்துவிடும்.

ஒன்பது வயது

பிறகு வருகிறேன் என்று சொன்னது இதுதான். நாட்டு நாய் நன்றாகப் பார்த்துக்கொண்டால் பன்னிரண்டு, பதின்மூன்று வயது வரை இருக்கும், சிலது அதற்கு மேலும். ஆனாலும் அவன் உங்களுக்கு முன் போவான். அன்றைக்கு அழுவீர்கள். கணவருக்காகவும் சேர்த்து இன்னொரு முறை அழுவீர்கள், ஏனென்றால் அவரோடு இருந்தவன் அவன். அந்தத் துக்கத்தை என்னால் தடுக்க முடியாது. அது மறுபடி நோயாக மாறாமல் பார்த்துக்கொள்ள முடியும், அதற்கு இப்போதே வேலை செய்ய வேண்டும்.

உங்கள் எட்டுப் பக்கத்திலும் உங்களோடு இருக்கும் உயிர் என்று மணி ஒருவன்தான் வருகிறான். மகன் போனில் வருகிறார், உறவினர்கள் குத்திக் காட்ட வருகிறார்கள். ஒரே ஒரு இடத்தில், வளைவில் உட்கார்ந்திருக்கும்போது கொழுந்து மூட்டையோடு போகும் ஒரு பெண் "என்னக்கா, இன்னிக்கு லேட்டா?" என்று கேட்டதாக இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. தினமும் உங்களை எதிர்பார்க்கும் இன்னொரு ஆள் அங்கே இருக்கிறார். நீங்கள் விட்டுவிட்ட மகளிர் குழுக் கூட்டம் ஒன்றும் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. உடனே எல்லாவற்றுக்கும் போக வேண்டாம். வளைவில் அந்தப் பெண் வரும்வரை இன்னும் ஐந்து நிமிடம் உட்காருங்கள், மணி அவரையும் பழகிக்கொள்ளட்டும். ஒரு நாய் தன் வயதுக்கு மீறிச் சுமக்கும் பாரத்தில் கொஞ்சம் அப்படித்தான் இறங்கும். மணி போன பிறகு யார் கதவைத் தட்டுவார்கள் என்ற கேள்விக்கு, மணி இருக்கும்போதே ஒன்றிரண்டு பெயராவது சேர வேண்டும். அவனுக்குப் பதிலாக இருக்கட்டும் என்று இப்போதே குட்டி ஒன்றை வாங்கிவிடாதீர்கள். அந்த ஆசை தானாக வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மருத்துவரிடம் போகும்போது நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தின் மூன்றாம், ஐந்தாம் பக்கங்களை நகல் எடுத்துக் கொண்டுபோங்கள். நேரில் பேசத் தயங்குவதையெல்லாம் அதில் அழகாக எழுதியிருக்கிறீர்கள், கொடுத்துவிட்டால் போதும். ஊட்டி போய்த் திரும்ப சாயங்காலம் ஆகிவிடும். அன்றைக்கு மத்தியானம் மணிக்கு யார் சோறு வைப்பார்கள் என்று அந்தக் கொழுந்து மூட்டைப் பெண்ணிடம் நாளைக் காலையிலேயே கேட்டு வையுங்கள்.